தோளுக்குக் கீழே ஒரு பை: பேஸ்மேக்கரும் பெண்ணுடலும்

பேஸ்மேக்கரை வைப்பதற்காக மார்பில் உண்டாக்கும் இடத்தை மருத்துவர்கள் ‘பாக்கெட்’ என்கிறார்கள். இடது காறை எலும்புக்குச் சற்றுக் கீழே தோலைக் கீறி, கொழுப்புக்கு அடியில், மார்புத் தசையை ஒட்டித் திசுவை விலக்கி ஒரு சிறிய பை செய்கிறார்கள். அதற்குள் கருவியை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். கருவியிலிருந்து புறப்படும் ஒயர்கள் சிரை வழியாக இதயத்துக்குள் போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்தான். வலது கைப் பழக்கம் உள்ளவர்களே அதிகம் என்பது ஒரு காரணம். இடப்பக்கச் சிரையிலிருந்து இதயத்துக்குள் ஒயரை வளைத்துக் கொண்டுபோவது எளிது என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான காரணங்கள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

என் கவனம் ‘பாக்கெட்’ என்ற சொல்லில் நிற்கிறது. இடது மார்பில் பை இருப்பது ஆண்களின் சட்டையில். நம் ரவிக்கையில் பை கிடையாது. சுடிதாரில் பை வேண்டுமென்றால் தையற்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நம் பாட்டிமார் சுருக்குப் பையை இடுப்பில் செருகினார்கள், காசை முந்தானையில் முடிந்தார்கள். ஆண் சட்டையில் பேனா குத்தும் இடத்தில் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பிரா பட்டை அதன் மேல்தான் ஏறுகிறது. இடது தோளில் மடித்துப் போட்ட முந்தானையும், அதைப் பிடித்து நிற்கும் ஊக்கும் அதற்குச் சற்று மேலே. கைப்பையின் வார் அங்கேதான் அழுத்தும். குழந்தையைத் தோளில் சாய்த்தால் அதன் தலை அங்கே வந்து இடிக்கும். நம் ஊர்க் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் சீட் பெல்ட் இடது தோள் வழியாகத்தான் குறுக்கே இறங்கும். ஓட்டுபவருக்கு அது வலது தோள். குடும்பத்தோடு போகும் காரில் ஓட்டுவது யார், பக்கத்தில் உட்காருவது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு முதல் பேஸ்மேக்கர் வைத்தபோது வயது 26. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராத கோளாறு. அதை மருத்துவர்கள் ‘ஹார்ட் பிளாக்’ என்பார்கள். ரத்தக்குழாய் அடைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பலருக்கும் விளக்கி அலுத்துவிட்டேன். 37 வயதில் மாற்றுக் கருவி வைத்தார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கருவியைப் பற்றியது. அதைவிட, அந்தக் கருவி வெளியே தெரிவதைப் பற்றி யார் எந்தச் சொற்களில் பேசுகிறார்கள் என்பதைப் பற்றியது.

கையேடு யாருக்கு?

கருவியோடு ஒரு கையேடும் ஓர் அடையாள அட்டையும் தருவார்கள். நான் வாசித்த கையேடுகளில் வரைந்திருந்த மார்பு தட்டையானது. அந்த உருவத்தில் கருவி எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது, பிரா பட்டை எங்கே விழும் என்பது தெரியவில்லை. செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள் என்று ஒரு வரி. காந்தம் அருகில் வந்தால் கருவி தன் வழக்கமான வேலையை விட்டு ஒரே நிலையான வேகத்தில் துடிப்பு தரத் தொடங்கும் என்பதால் இது வேண்டிய எச்சரிக்கைதான். ஆனால் நம் ஊரில் செல்போனையும் சிறிய பர்ஸையும் ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர். காந்தப் பொத்தான் வைத்த கைப்பையை இடது தோளில் மாட்டுகிறவர்கள் எத்தனை பேர். சட்டைப் பை என்று எழுதியவர் இவர்களை நினைக்கவில்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது இன்னொரு வரி. இரண்டடி தள்ளி நின்று தோசை வார்ப்பது எப்படி என்று அது சொல்வதில்லை.

இப்படிப்பட்ட விடுபடல்களைப் பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றலாம். ஆனால் கருவி வெளியே தெரிவதைப் பற்றிய பேச்சும் இதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. அந்தப் பேச்சில் மருத்துவம் கைவசம் வைத்திருக்கும் சொல் ‘காஸ்மெடிக்’. துடைப்பு, தொற்று, ரத்தக்கட்டு, ஒயர் நகர்தல் எல்லாம் மருத்துவப் பிரச்சினை. மேடு தெரிகிறது, ஊக்கு குத்துகிறது, கையைத் தூக்கினால் விளிம்பு எழுகிறது என்பவை காஸ்மெடிக். அந்தச் சொல்லைச் சொன்ன உடனே நோயாளி பெண்ணாகிவிடுகிறாள், அவள் கேள்வி கண்ணாடி முன்னால் நிற்கும் கேள்வியாகிவிடுகிறது.

மருத்துவம் வைத்த இன்னொரு பெயரையும் பார்க்கலாம். கருவி பைக்குள் சுழன்று ஒயரைச் சுற்றி இழுத்துவிடும் சிக்கலுக்கு 1968இல் கனடாவில் எழுதிய மருத்துவர்கள் ‘ட்விட்லர்ஸ் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார்கள். நோண்டிக்கொண்டே இருப்பவரின் நோய் என்று பொருள். கருவியைத் தளர்வான பையில் வைத்ததும் காரணமாக இருக்கலாம், அந்த இடத்தில் திசு தளர்வாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். யாரும் தொடாமலேயே கருவி சுழல்வதும் உண்டு. பெயர் மட்டும் நோயாளியின் விரலைச் சுட்டுகிறது. யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவ நூல்கள் தரும் பட்டியலில் வயதான பெண்கள் இருக்கிறார்கள். வைத்தவரின் வேலையைப் பற்றிய கேள்வி, வைத்துக்கொண்டவளின் பழக்கத்தைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

டப்பாவின் வடிவம்

கருவியின் வடிவமும் இடமும் இயற்கையாக அமைந்தவை அல்ல என்பதை அதன் வரலாறே சொல்கிறது. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ருனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் வைத்தார். உடலுக்குள் முழுவதுமாக வைத்த முதல் பேஸ்மேக்கர் அதுதான். எல்ம்க்விஸ்ட் அதை எபாக்ஸி பிசினில் வார்த்தெடுத்தார். அச்சாகப் பயன்பட்டது ஷூ பாலிஷ் டப்பா. உடலுக்குப் பொருந்தும் வடிவம் எது என்ற ஆராய்ச்சி எதுவும் அன்று நடக்கவில்லை. கைக்குக் கிடைத்த டப்பாவின் வடிவம் அது. வைத்த இடமும் மார்பு அல்ல, வயிற்றுச் சுவர். சிரை வழியாக ஒயரை நுழைக்கும் முறை வந்த பிறகுதான் கருவி மார்புக்கு ஏறியது.

முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. லார்சனோ அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். பொறியாளரும் மருத்துவரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். இந்தக் கதையில் எல்ஸ்-மரி லார்சன் என்ற பெண் உண்டு. ஆர்னேயின் மனைவி. ஒரு நாளைக்குப் பலமுறை நினைவிழந்து விழுந்துகொண்டிருந்த கணவருக்காக, மனிதரில் வைத்துப் பார்க்காத ஒரு கருவியைச் செய்து வைக்கச் சொல்லி இரண்டு ஆண்களையும் விடாமல் நெருக்கியவர் அவர். கண்ணீர் விட்டு மன்றாடிய மனைவியாகவே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் செய்தது என்ன என்று பார்த்தால், ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற பதிலை ஏற்க மறுத்து, கருவி இப்போதே வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பேஸ்மேக்கரின் வரலாறு மருத்துவரல்லாத ஒரு பெண்ணின் வற்புறுத்தலில் தொடங்குகிறது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு பெண் தன் உடலில் அது எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் ஏன் விசித்திரமாக இருக்கிறது?

மானமும் அழகும்

எனக்கு முதல் கருவி வைத்தபோது வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்திலேயே அம்மா என் ரவிக்கைகளைத் தையற்காரரிடம் கொண்டுபோய் முன்கழுத்தை ஏற்றித் தைக்கச் சொன்னார். சித்தி என்னை நிற்க வைத்து, முந்தானையை அகலமாக விரித்துப் போட்டு, தள்ளி நின்று பார்த்து, “இப்பத் தெரியல” என்றார். தெரிவது, தெரியாதது என்பது அன்று எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அதைப் பற்றித் தாழ்ந்த குரலில், மணிக்கணக்கில் பேசினார்கள். யாரும் அதை அழகு மோகம் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், சொன்னோம். இரண்டு வீட்டார் விலகினார்கள், மூன்றாவது வீட்டார் ஒப்புக்கொண்டார்கள்.

பதினொரு ஆண்டுகள் கழித்துக் கருவியை மாற்றினார்கள். பழையது கிடைமட்டமாகப் படுத்திருந்தது. புதியது வீக்கம் வடிந்த பிறகு சற்றுச் சாய்ந்து, மேல் விளிம்பு எலும்பை ஒட்டி மேடாகத் தெரிந்தது. பிரா பட்டை அந்த விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. பரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னேன். மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடி, “நல்லா வேலை செய்யுதேம்மா, அப்புறம் என்ன?” என்றார். வீட்டில் சித்தி, “ஏன்டி, இந்த வயசுல அழகுப் போட்டிக்கா போகப்போறே?” என்று சிரித்தார்.

சித்தி மாறவில்லை. மாறியது மேட்டின் உரிமையாளர். அதே இடத்தில் அதே மேடு, வரன் பார்க்கும் குடும்பத்தின் கவலையாக இருந்தபோது மானப் பிரச்சினை. அது என்னுடைய கவலை ஆனபோது அழகுப் பிரச்சினை. பெண்ணின் உடலை மறைப்பதும் காட்டுவதும் ஊருக்குத் தேவைப்படும்போது கனமான விஷயங்கள், அவளுக்கே தேவைப்படும்போது அற்ப விஷயங்கள். ‘காஸ்மெடிக்’ என்ற மருத்துவச் சொல்லும் ‘அழகுப் போட்டி’ என்ற சித்தியின் கேலியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டுமே என்னைக் கேட்க விடவில்லை.

ஆட்ரி லார்டைத் திரும்ப வாசித்தல்

உடலில் தெரியும் நோயின் அடையாளத்தைப் பற்றிப் பெண்ணிய வாசகர்கள் பேசத் தொடங்கினால் ஆட்ரி லார்டின் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலுக்கு வந்து சேர்வோம். 1978இல் மார்பகத்தை அகற்றும் அறுவைக்குப் பிறகு எழுதி, 1980இல் வெளியானது. அறுவைக்குப் பின் அவருக்குப் பொய்மார்பு கொடுக்கிறார்கள், அவர் மறுக்கிறார். அது இல்லாமல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இப்படி வருவது மற்ற நோயாளிகளின் மன உறுதிக்குக் கேடு என்ற பொருளில் செவிலியர் ஒருவர் கடிந்துகொள்கிறார். ஒரு கண்ணை மறைத்துப் பட்டை கட்டிய இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் யாரும் போய்க் கண்ணாடிக் கண் வைத்துக்கொள் என்று சொல்வதில்லையே என்று கேட்கிறார் லார்ட். ஆணின் இழப்பு வீரத்தின் அடையாளம், பெண்ணின் இழப்பு மூட வேண்டியது.

அந்த வாதத்தில் லார்ட் ஒரு கோடு போடுகிறார். செயற்கைக் கால் நடக்க உதவுகிறது, பொய்ப்பல் மெல்ல உதவுகிறது. பொய்மார்புக்குப் பார்ப்பவர் கண்ணைத் தவிர வேறு பயன் இல்லை என்கிறார். பயனுக்கு ஒரு பக்கம், தோற்றத்துக்கு ஒரு பக்கம். பேஸ்மேக்கர் இந்தக் கோட்டில் எந்தப் பக்கம்? சந்தேகமில்லாமல் பயனின் பக்கம். ஆனால் அது இருக்கும் இடம் லார்ட் பேசிய அதே மார்பு. பயன் உள்ளே நடக்கிறது, தோற்றம் வெளியே நடக்கிறது. எனக்கு லார்டின் கோடு இங்கேதான் போதாமல் போகிறது. பயன் இருக்கிறது என்பதையே காட்டி, தோற்றத்தைப் பற்றிய என் கேள்வியை அடைக்கிறார்கள். ‘வேலை செய்கிறதே’ என்பது அந்த அடைப்புதான். தோற்றம் என்பதும் வெறும் தோற்றமாக நிற்பதில்லை. ஊக்கு குத்தாமல் சேலை கட்டுவது, பட்டை அறுக்காமல் எட்டு மணி நேரம் நின்று பாடம் நடத்துவது, பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குவது எல்லாம் பயன்பாடு. அவற்றைத் தோற்றம் என்ற பெட்டிக்குள் தள்ளினால்தான் புறக்கணிக்க முடியும்.

லார்டின் வழியில் வந்தவர்கள் இன்று தழும்பைப் பெருமையோடு காட்டு என்கிறார்கள். அகலக் கழுத்து ரவிக்கை போட்டு மேட்டைக் காட்டிப் படம் எடுப்பவர்களை நான் மதிக்கிறேன். அது எல்லோருக்குமான கட்டளையாக மாறும்போது நெருடுகிறது. அன்று மூடு என்று சொன்னார்கள், இன்று திற என்கிறார்கள். வகுப்பில் நிற்கும்போது மாணவிகளின் கண் என் காறை எலும்பில் நிற்க வேண்டாம் என்று நான் நினைத்தால் அது கோழைத்தனமாக வேண்டியதில்லை. லார்டும் காட்டச் சொல்லிக் கட்டளையிடவில்லை. தன் உடலைத் தானே பார்த்து, அதோடு பழகுவதற்கு முன்னாலேயே மூடச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டார். அதில் முதன்மையானது யார் முடிவு செய்வது என்பது.

‘பேட்டரி மாத்துறது’

மாற்று அறுவையை நம் ஊரில் யாரும் அறுவை என்று சொல்வதில்லை. ‘பேட்டரி மாத்துறது’ என்கிறோம், மருத்துவமனையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிச் செல் மாற்றுவது போன்ற சொல். உண்மையில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. டைட்டானிய உறைக்குள் மூடி முத்திரையிட்ட கருவி அது, முழுவதையும் எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். ஒயர்கள் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டுப் புதிய கருவியில் செருகுவார்கள். பழைய தழும்பையே திறப்பார்கள். பத்தாண்டுகளாகக் கருவியைச் சுற்றி உடல் கட்டிய தடித்த நார்த்திசு உறை இருக்கும். புதிய கருவி அதற்குள் போக வேண்டும். மாடல் மாறினால் வடிவம் மாறும். இடைப்பட்ட ஆண்டுகளில் உடலும் மாறியிருக்கும். ஒருத்தி இளைத்திருப்பாள், ஒருத்தி பெற்றிருப்பாள், ஒருத்திக்கு மாதவிடாய் நின்றிருக்கும். அதே பையில் வைத்தாலும் அதே போல் உட்காராமல் போவதற்கு இவை போதும். முதல் முறையைவிட மாற்று அறுவையில் தொற்று வாய்ப்பும் அதிகம். ‘பேட்டரி’ என்ற சொல் இவ்வளவையும் மறைத்துவிடுகிறது. செல் மாற்றுவதற்கு யாராவது கேள்வி கேட்பார்களா?

ஆனால் கேட்பதற்கு ஏற்ற நேரம் அதுதான். முதல் கருவி பெரும்பாலும் அவசரத்தில் வைப்பது. மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு கையெழுத்து, ஒரு ஊசி, முடிந்தது. உயிர் பிழைத்த நன்றியில் இடத்தைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. மாற்று அறுவை அப்படியல்ல. பேட்டரி தீர்வதற்குப் பல மாதங்கள் முன்பே கருவி பரிசோதனையில் காட்டிக்கொடுத்துவிடும். பேசுவதற்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. புதிய மாடலின் தடிமனும் வடிவமும் என்ன? பழைய பையிலேயே வைக்கிறீர்களா, சரிசெய்து வைக்கிறீர்களா? தசைக்கு அடியில் வைக்க முடியுமா? பிரா அணிந்து, சேலையோ சுடிதாரோ எதை அதிகம் உடுத்துவேனோ அதை உடுத்தி நிற்கும்போது பட்டையும் ஊக்கும் விழும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்வீர்களா?

கடைசிக் கேள்விக்கு இரண்டு நிமிடமும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். மற்றவற்றுக்கு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தசைக்கு அடியில் வைத்தால் மேடு குறையும், வலியும் ரத்தக்கசிவும் கூடலாம், அடுத்த முறை எடுப்பது கடினமாகும். மார்பகத்துக்கு அடியில் வைக்கும் முறையும் உண்டு, எல்லா மருத்துவர்களும் அதில் பழகியவர்கள் அல்ல. பழைய இடத்தை விட்டு நகர்த்துவதென்றால் ஒயர்களைத் தழும்பிலிருந்து விடுவிக்க வேண்டும், அவற்றின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே வைத்ததைச் சாய்வு பிடிக்கவில்லை என்று மட்டும் மீண்டும் திறந்தால் தொற்றுக்கு இன்னொரு கதவு திறக்கிறோம். இவற்றைக் கேட்ட பிறகு நான் என் கருவியை அப்படியே விட்டுவிட முடிவு செய்தேன். பட்டை அகலமான பிராவுக்கு மாறினேன், ஊக்கை ஓர் அங்குலம் பின்னால் தள்ளிக் குத்துகிறேன், பையை வலது தோளுக்கு மாற்றிவிட்டேன். அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவலை என் முன்னால் வைக்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் குறை.

டச்சு ஆய்வாளர் நெல்லி அவுட்ஸ்ஹோர்ன் 2020இல் வெளியான ‘ரெசிலியன்ட் சைபோர்க்ஸ்’ நூலில் பேஸ்மேக்கரோடும் டிஃபிப்ரிலேட்டரோடும் வாழ்பவர்களைப் பற்றி எழுதுகிறார். டோனா ஹாராவே 1985இல் எழுதிய புகழ்பெற்ற அறிக்கைக்குப் பிறகு ‘சைபோர்க்’ என்ற சொல் பெண்ணியத்தில் ஓர் உருவகமாகவே அதிகம் புழங்கியது. அவுட்ஸ்ஹோர்ன் அதை உடலுக்குள் கருவியோடு வாழும் மனிதர்களிடம் திருப்பிக் கொண்டுவருகிறார். கருவி தானாக வேலை செய்கிறது, நோயாளி சும்மா இருக்கிறார் என்ற எண்ணத்தை அந்த நூல் உடைக்கிறது. கருவியோடு வாழ்வது தினமும் செய்யும் வேலை, அதற்கு அறிவும் பழக்கமும் வேண்டும் என்கிறது. ஊக்கை எங்கே குத்துவது என்று நான் கண்டுபிடித்தது அந்த வகை அறிவு. எந்தக் கையேட்டிலும் இல்லாத அறிவு. விமான நிலையத்தில் திரைக்குப் பின்னால் சோதனைக்கு நிற்கும்போது, கைக்கருவியை மார்பின் மேல் நிறுத்தி வைக்காதீர்கள் என்று அட்டையைக் காட்டிச் சொல்வதும், மேமோகிராம் எடுக்கும் பெண்ணிடம் படுக்கும்முன் அல்ல, இயந்திரத்தின் தட்டை அழுத்தும்முன் கருவி இருப்பதைச் சொல்வதும் அதில் சேரும்.

ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் வந்துவிட்டது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா போன்றவை, தொடைச் சிரை வழியாக நேராக இதயத்தின் வலது கீழறைக்குப் போய் உட்காருகின்றன. மேடு இல்லை, மார்பில் தழும்பு இல்லை. எல்லா வகைக் கோளாறுக்கும் அவை பொருந்துவதில்லை, விலையும் மிக அதிகம். பொருந்துகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் மேடு காணாமல் போவதால் கேள்வி தீர்ந்துவிடாது. இன்சுலின் பம்ப், கீமோ போர்ட், டயாலிசிஸுக்குக் கையில் செய்யும் ஃபிஸ்டுலா என்று உடலில் இடம் கேட்கும் கருவிகளும் தழும்புகளும் இன்னும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறிப்பார்கள். குறிக்கும்போது அந்த உடல் என்ன உடுத்துகிறது, எந்தத் தோளில் எதைச் சுமக்கிறது, எந்தப் பக்கம் குழந்தையைப் படுக்க வைக்கிறது என்று கேட்பது மருத்துவக் கேள்விதான். அந்தப் பதில்கள் நோயாளியிடம் மட்டும்தான் இருக்கின்றன. அடுத்த மாற்று எனக்கு 48 வயது வாக்கில் வரும். மார்க்கர் பேனாவை நானே கொண்டுபோகப் போகிறேன்.